தனியாகப் போய்வந்தவன்

நெல்லியடியில் பஸ் ஏறும் சனம் கோகுலனை முதலில் குடிகாரன் என்றுதான் நினைத்தது. இருபத்துமூன்று வயதுப் பெடியன் காலை வேளையில் கால் பின்னி, படியைத் தவறவிட்டு, காசையும் நிலத்தில் கொட்டினால் வேறு என்னத்தை நினைக்கும்? ஒருவன் தடுமாறினால் எங்கள் சனத்துக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. நடத்துனர் அவனை ஏற விடாமல் தள்ளிய நாளும் உண்டு. கோகுலன் வாழ்க்கையில் ஒரு துளி குடித்ததில்லை.

அவனுக்கு இருந்தது டிஸ்பிராக்ஸியா. அறிவில் ஒரு குறையும் இல்லை. எந்தக் காலை எப்போது வைப்பது, எந்தக் கையால் எதைப் பிடிப்பது என்பது மட்டும் உடம்புக்குத் தானாக வராது. மற்றவர்கள் யோசிக்காமல் செய்வதை அவன் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் செய்யவேண்டும். வைத்தியர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அவன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான். அதுவரை வாத்திமார் அவனுக்கு வைத்த பெயர் சோம்பேறி. தகப்பன் தம்பிராசா வைத்த பெயர் ஒன்றுக்கும் உதவாதவன். வைத்தியர் சொன்ன பெயரை அந்த வீட்டில் ஞாபகம் வைத்திருந்தவள் அக்கா ஆரணி மட்டும்தான்.

கல்வியங்காட்டில் மருந்து மொத்தமாக விற்கும் ஒரு நிலையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. தொலைபேசியில் வரும் ஓடர்களைக் கேட்டு எடுக்கவேண்டும். அவனுடைய குரல் தெளிவானது, எரிச்சல் என்பதே தெரியாதது. போய்வருவதுதான் பிரச்சினை. விழுந்து கையைக் காலை முறிப்பான், வேண்டாம் என்று தாய் குணலட்சுமி அழுதாள். ஆரணிக்கு யாழ்ப்பாணம் ரவுணில் வங்கியில் வேலை. அவளுடைய பஸ்ஸும் கல்வியங்காட்டால்தான் போகும். நான் பழக்குகிறேன் என்று அவள் சொன்னாள், பழக்கினாள்.

இடது கை கம்பியைப் பிடித்த பிறகுதான் வலது கால். அளவான காசு சட்டைப் பையில் இருக்கவேண்டும். பஸ் நின்ற பிறகுதான் எழும்பவேண்டும், நடத்துனர் கத்தினால் கத்தட்டும். அந்த நடத்துனரையும் அவள் ஒருநாள் பஸ்ஸுக்கு நடுவில் நிற்கவைத்துக் கேட்ட கேள்வியில் மனிதன் பிறகு வாய் திறக்கவில்லை. முதலில் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு பின் சீற்றுக்குப் போனாள். கடைசியில் ஒரு கட்டளை போட்டாள்.

"பஸ்ஸுக்குள்ளை நான் ஆரோ, நீ ஆரோ. விழுந்தாலும் என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தியெண்டா நான் எழும்பி வந்திடுவன், பிறகு நீ ஒருநாளும் தனியப் போகமாட்டாய்."

அவன் விழுந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வல்லை வெளியைப் பார்த்தபடி இருந்தாள். அந்தக் கல்நெஞ்சம் முழுக்கப் பாசம்தான். பின்னால் நடந்ததை வைத்து அதை நான் மறுக்கமாட்டேன்.

அவளுக்கு வேலை முடியப் பிந்தும் என்பதால் பின்னேரம் அவன் தனியாகவே திரும்பினான். அப்படி முதல் தடவை வந்து சேர்ந்த அன்று குணலட்சுமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வெங்காயம் விற்கப் போன சந்தையில் தம்பிராசா, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் மகன் வேலைக்குப் போய்வருவதைச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் ஆரணிக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளையின் தாய் பத்மாசினி நீர்வேலியில் இருந்தாள். படங்கள் கைமாறி, சாதகமும் சரிவந்து, பெண் பார்க்க நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி. ஒரு காலை பத்மாசினி அதே பஸ்ஸில் ஏறினாள். படத்தில் கண்ட முகத்தை அடையாளம் கண்டு, சந்தோசமாக ஆரணிக்குப் பக்கத்திலேயே வந்து இருந்தாள்.

கோகுலன் அன்று வாசலுக்கு வசதியாக அவர்களுக்கு முன் சீற்றில் இருந்தான். கல்வியங்காட்டில் பஸ் நின்றது. அவன் எழும்பியதும் சாரதி மறுபடி கொஞ்சம் முன்னே எடுத்தான். கோகுலன் பின்பக்கம் சரிந்தான். பையின் சிப்பை இழுத்துப் பூட்டுவது அவனுக்கு எப்போதும் பகை. திறந்திருந்த பைக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பெட்டி பறந்து பத்மாசினியின் மடியில் கொட்டியது. சேலை எல்லாம் பருப்புக் கறி.

"விடியமுன்னம் வெறிக்குட்டியள்," என்றாள் அவள், அவனைக் குடிகாரனாக்கி. "பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆளோ?"

ஆரணி கைலேஞ்சியை எடுத்து அந்தச் சேலையைத் துடைத்தாள். தம்பி காலடியில் சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான்.

"இல்லை மாமி. ஆரெண்டு தெரியாது."

கோகுலன் பத்மாசினியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து ஒழுங்காக இறங்கிப் போனான்.

இரவு அவன் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் பரீட்சை பாஸ் பண்ணிய சந்தோசம்.

"அக்கா, விழுந்தும் நான் உங்களைப் பாக்கேல்லை. சரிதானே?"

அவள் ஓம் என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பஸ்ஸில் கண்ட முகத்தைப் பத்மாசினி வீட்டில் கண்டால் சம்பந்தம் கலையும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்யச் சொல்லியிருக்கிறதே என்றார் தரகர். தம்பிக்குக் கட்டாரில் வேலை, லீவு இல்லை என்று அவரே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார். கட்டாரில் இருப்பவன் கல்வியங்காட்டில் இறங்க முடியாது. தம்பிராசா அவனுடைய வேலையை நிறுத்தி, அளவெட்டியில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார். கலியாணம் முடியட்டும் என்றார்கள். முடிந்த பிறகும் பத்மாசினி நீர்வேலியில்தான் இருப்பாள், அதே பஸ்ஸில்தான் போவாள் என்பது கோகுலனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கலியாணம் நெல்லியடி மண்டபத்தில் நடந்தது. பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கவேண்டும். கோகுலனுக்குப் பதிலாக ஒன்றுவிட்ட தம்பி டினேஸ் தலைப்பாகை கட்டி நின்றான். அவன் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது கோகுலன் மண்டபத்து வாசலுக்கு வந்தான். புதுச் சேட்டு வியர்வையில் நனைந்து, பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. தம்பிராசா ஓடிப்போய் அவனை மதிலோரம் இழுத்தார்.

"அப்பா, ரண்டு பஸ் மாறி வந்தனான். ஒருத்தரும் கூட வரேல்லை, நானே கேட்டுக் கேட்டு வந்திட்டன்."

தம்பிராசா பொத்தான்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரியாகப் பூட்டிவிட்டார். பிறகு சந்தியில் நின்ற ஓட்டோ ஒன்றைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஓட்டோ வேண்டாம் அப்பா, பஸ்ஸிலையே போறன். எனக்கு வழி தெரியும்."

"வழி தெரிஞ்சதாலைதானேடா இஞ்சை வந்து நிக்கிறாய்," என்றார் தம்பிராசா.

அவனை உள்ளே இருத்தி, மழைக்குப் போடும் சீலையை இரண்டு பக்கமும் இறக்கிக் கட்டினார். அளவெட்டி வீட்டுப் படலைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பவேண்டும், வழியில் எங்கும் இறக்கக் கூடாது என்று ஓட்டோக்காரனிடம் சொன்னார்.