அறுத்துப் போட்ட கொடி

பக்கத்து வீட்டு அமீனா சங்குப்பூவைச் சோற்றில் போடுகிறாள். எங்கள் ரயில்வே குவாட்டர்ஸின் பின்வேலியில் நான் படரவிட்ட கொடியில்தான் காலையில் வந்து பறிப்பாள். கசக்கிப் பிழிந்து, அந்த நீலச்சாற்றைப் பானையில் ஊற்றிவிடுவாள். மலாயாவுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் நீலச் சோறு எனக்குத் தொண்டைக்குள் இறங்குவதில்லை. "இது துவானுக்கு வைக்கிற பூ" என்று எனக்குத் தெரிந்த மலாயில் ஒருநாள் சொன்னேன். மறுநாள் ஒரு கூடை பூவோடு வந்து நின்றாள். "உன் துரைக்குக் கொடு, வயிறாரச் சாப்பிடட்டும்" என்றாள். கடவுளைத் துஹான் என்று சொல்லவேண்டுமாம். துவான் என்றால் வெள்ளைக்காரத் துரை.

அதற்குச் சிரித்தோம். போன தை மாதம் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதற்கு நான் சிரிக்கவில்லை. அச்சுவேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தங்கை செல்லம் தபாலட்டை எழுதியிருந்தாள்: "அண்ணை, கொடியை அறுத்துப் போட்டினம். வெளியிலை தலை காட்டேலாமல் கிடக்கு. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கொடி என்று எழுதினால் தாலிக்கொடி என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எங்கள் குடும்பத்தில் பொன்னில் செய்து கழுத்தேறிய முதல் கொடி அவளுடையது. நாங்கள் பனை ஏறும் ஆட்கள். எங்கள் பெண்கள் பொன் போட்டால் ஊரார் அடிக்க வருவார்கள் என்று அதுவரை மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தார்கள். அவள் புருஷன் கந்தையா பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான் என்றே நினைத்தேன். சாவுத் தீட்டுக்குத் தலை முழுகினேன். லீவு எடுத்துக் கப்பல் ஏறினேன். கொழும்பிலிருந்து வந்த ரயிலிலும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

வீட்டுப் படலையைத் திறந்தால் கந்தையா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிற்கிறான்.

"என்ன மச்சான், ஆர் செத்தது? கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு" என்றான்.

செல்லம் ஓடிவந்தாள். "நான் பூக்கொடியை எல்லோ எழுதினனான், அண்ணை" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

ஒரு பூக்கொடிக்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று எனக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. அதை இன்றைக்கும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கொடியை அவள் வளர்த்த விதம் எனக்குத் தெரியாததா? விதையின் தோல் தடித்தது என்று கல்லில் உரசி, ஊறவைத்து நடுவாள். நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பக்கக் கிளை விடச் செய்வாள். காய் முற்றினால் பூ குறையும் என்று பிஞ்சிலேயே பிடுங்கிவிடுவாள். வீட்டோரச் சந்தான ஒழுங்கைப் பக்கக் கிளுவை வேலி முழுவதும் நீலமாக இருக்கும். அது நஞ்சு விழுங்கிய சிவனின் கழுத்து நிறம். கோயில் பண்டாரம் மூன்று வருடமாக ஒழுங்கையில் நின்று அதைப் பறித்துப் போய் மாலை கட்டினார். அப்போது எவருக்கும் தீட்டுப் படவில்லை.

தபாலட்டைக்கு முந்தின மார்கழித் திருவெம்பாவையில் பண்டாரத்துக்குக் காய்ச்சல். சிவனுக்குப் பூ இல்லாமல் போய்விடுமே என்று செல்லம் தானே பறித்து, தென்னோலைக் குடலையில் கொண்டுபோய்க் கோயில் வாசற்படியில் வைத்தாள். உள்ளே காலடி வைக்கவில்லை. அன்று மத்தியானமே இரண்டு பேர் கத்தியோடு வந்து கொடியை அடியோடு அறுத்து, அவள் கண்முன்னே ஒழுங்கையில் போட்டு மிதித்தார்கள்.

கோயில் மனேச்சர் வீட்டுக்குப் போனேன். சப்பாத்தும் கோட்டும் போட்டிருந்தும் முற்றத்தில்தான் நிற்கவைத்தார்.

"பூவிலை ஒரு பிழையுமில்லை. உவள் தன்ரை கையாலை கொண்டந்து வைக்கலாமோ? நீ மலாயாவிலை இருந்து பழக்கம் மாறிப்போனாய்" என்றார்.

அப்படியே திரும்பி வந்தேன். ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கப்பலேறிவிடுவேன், செல்லமும் கந்தையாவும் அங்கேதான் இருக்க வேண்டும். மனேச்சர்மேல் இருந்த ஆத்திரத்தைவிட என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் பெரிது.

வெளிக்கிடும்போது செல்லம் சொன்னாள்: "அங்கை நீங்கள் கோயிலுக்குள்ளை போறனியள்தானே. என்ரை பேரைச் சொல்லி ஒருக்காப் பூ வையுங்கோ."

ஓம் என்றேன். இங்கே மலாயாவில் நான் கோயிலுக்குள் போவது எப்படி என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்தப் பட்டணத்துக் கோயிலைக் கட்டியவர்களும் யாழ்ப்பாணத்தார்தான். ஊரைக் கேட்பார்கள், பிறகு மெல்ல 'ஆற்றை பிள்ளை' என்று, யாருடைய மகன் என்று கேட்டுச் சாதியைப் பிடித்துவிடுவார்கள். வந்த முதல் வருடமே எங்கள் ஊர் உயர்சாதி வாத்தியார் ஒருவரின் மருமகன் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனவன் நான்.

போன வெள்ளிக்கிழமை பின்வேலிப் பூவைத் தட்டு நிறையப் பறித்துக்கொண்டு போனேன். கோயில் காரியம் பார்க்கும் பெரியவர் கை நீட்டினார்.

"ஆற்றை பேரிலை, தம்பி?"

"என்ரை தங்கச்சி செல்லத்தின்ரை பேரிலை."

"அச்சுவேலிப் பக்கம் எந்தச் செல்லம்? வாத்தியார் வீட்டுப் பகுதியோ?"

"இல்லை ஐயா. பனை ஏறுற கந்தையாவின்ரை பெண்சாதி. நானும் அந்த வீடுதான்."

அவர் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார். மறுபக்கம் என் கையில் இருந்தது. அவர் வாங்கவுமில்லை, விடவுமில்லை. உள்ளே பூசைக்கு மணி அடித்தது. நானும் விடவில்லை.