சாங்கா போரில் ஜெயித்தது யார்? வலியசாலைக்கு ஒரு நாள் பயணம்

போன செவ்வாய்க்கிழமை நான் திருவனந்தபுரம் போனது ஒரு ஆளின் வாயை அடைக்க. மார்த்தாண்டத்தில் நேந்திரன் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஞாயிறுதோறும் வாசகர் வட்டத்துக்குப் போவேன். பெருவை ஆண்ட இன்கா அரசர்களைப் பற்றி அங்கே பேசியபோது, குஸ்கோ நகரைத் தாக்க வந்த சாங்கா படையை விரட்டியவன் பச்சாகுத்தி என்று அடித்துச் சொன்னேன். மருந்துக்கடை செல்வராஜ் எழுந்தார்.

"தப்பு! அவனுக்க அப்பன் விராகோச்சாதான் ஜெயிச்சான். ஓய், குலைக்கு வெல சொல்லும், கேக்கோம். ராஜா கத உமக்கெதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆதாரத்தோடு வருகிறேன், தப்பென்றால் இனி மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை 7.10 பேருந்து. சுமார் 35 கி.மீ., 8.40க்குத் தம்பானூர். அங்கிருந்து வலியசாலைக்கு ஆட்டோ 30 ரூபாய். நடந்தாலும் இருபது நிமிடம்தான். அக்ரஹாரத் தெருவில், வாசிக்க வருகிறவர்களுக்குக் கதவு திறக்கும் விசாலம் மாமி வீட்டின் முன்னறை முழுக்கப் புத்தகம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பானியர்கள் பெருவைப் பிடித்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட வரலாறுகள் ஆங்கிலத்தில் அவரிடம் உண்டு. வந்த காரணத்தைச் சொன்னேன்.

"ஓ, ஜெயிக்கறதுக்கு வந்திருக்கேளா! படிக்கறதுக்குன்னுன்னா நெனச்சேன்."

முதல் புத்தகத்தில் விராகோச்சா பயந்து ஓடுகிறான். மகன் பச்சாகுத்தி நின்று ஜெயிக்கிறான். அந்தப் பக்கத்தை நகலெடுத்தால் செல்வராஜ் கதை முடிந்தது. ஆனால் எந்தத் தோட்டத்துக் குலை என்று கேட்காமல் நான் சரக்கு எடுப்பதில்லை. "மாமி, இதை எழுதினவருக்கு யார் சொன்னா?"

"ஸ்பானியக்காரர். இன்கா ராஜகுலத்துப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டவர். அவளாத்து மனுஷா பச்சாகுத்தி வம்சமாக்கும், கேட்டேளா!"

மாமனார் வீட்டுச் சாட்சி! அடுத்த புத்தகத்தையும் கேட்டு வாங்கினேன். இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தகப்பனுக்கும் பிறந்து, ஸ்பெயினுக்குப் போய் வயதான காலத்தில் எழுதியவருடையது. அதில் விராகோச்சாதான் வீரன். ஓடிப்போனவன் அவனுடைய அப்பன்.

இரண்டு பக்கங்களையும் முக்குக் கடையில் நகலெடுத்தேன், நாலு ரூபாய். ஒன்றை மட்டும் கொண்டுபோகலாமா என்று பேருந்தில் பாறசாலை வரை யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை.

ஞாயிறன்று இரண்டையும் வாசித்தேன். செல்வராஜ், "அப்பம் ஜெயிச்சது யாரு வோய்?" என்றார்.

"தெரியாது. நான் அடிச்சுச் சொன்னது தப்பு," என்று இறங்கிவிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான், இனி மேடை ஏறமாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாமி காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரைதான் கதவைத் திறப்பார், புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பமாட்டார். நகலெடுக்கும்வரை உங்கள் பையை வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு புத்தகத்தோடு எழுந்துவிடாதீர்கள். எழுதியவருக்கு யார் சொன்னது என்று கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு செல்வராஜ் பேசுகிறார். அதைக் கேட்க நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.