விற்கச் சொன்ன சம்பந்தம்

நாட்டின் தலைவர் இரவோடிரவாக விமானம் ஏறிப்போன கிழமை, எனக்குக் கலியாணம் நிச்சயமாகி இருந்தது. மாதா கோயிலில் எங்கள் திருமண அறிவித்தலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் வாசித்துவிட்டால் தாலி கட்டலாம். மாப்பிள்ளைக்கு மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் வேலை. நான் முருங்கனில் ஆசிரியை. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அதை நான் மறந்தாலும் ஊர் மறக்க விடாது.

என்னிடம் கொஞ்சம் பங்குகள் இருந்தன. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து, கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கியவை. ஒரு சவர்க்காரக் கம்பனி, ஒரு பிஸ்கற் கம்பனி, ஒரு தேயிலைக் கம்பனி. ஒரு சதம் கடன் வாங்கவில்லை. சாப்பாட்டுக் காசு தனியாக வங்கியில் இருந்தது. அரசாங்கம் ஆட்டங்கண்டபோது சந்தையையே சில நாட்கள் பூட்டிவைத்தார்கள். பிறகு பார்த்தால் என் பங்குகள் பாதி விலையில் நின்றன. முதலில் பயந்தது உண்மைதான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஜனாதிபதிக் கதிரையில் யார் இருந்தாலும் சனம் சவர்க்காரம் போட்டுக் குளிக்கத்தானே போகிறது? போனில் விலை பார்ப்பதை நிறுத்தினேன். பஸ் ஓடிய நாட்களில் பள்ளிக்கூடம் போனேன். டீசல் இல்லாத நாட்களில் வீட்டில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினேன்.

இரண்டாவது அறிவித்தல் வாசித்த அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்ததும் இராததுமாகத் தொடங்கினார்.

"பிள்ளை, நீ ஷெயார் எண்டு என்னவோ வச்சிருக்கிறியாம். எல்லாத்தையும் வித்து நகையா மாத்து. அடுத்த ஞாயிறுக்கு முன்னம் செய்துபோடு."

"இப்ப வித்தா பாதிக் காசுதான் வரும், மாமி. கொஞ்சம் பொறுத்தா..."

"பொறுக்கிறதோ? நாடே கவிண்டு கிடக்கு! அது சூது, பிள்ளை. சூதாடுற பொம்பிளையை என்ர மகன் கட்டுறதோ?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. சூதாம்! இவருடைய அருமை மகன் தேர்தல் முடிவுக்குப் பந்தயம் கட்டி மோட்டார் சைக்கிளையே பறிகொடுத்த கதை மன்னார்த் தீவு முழுக்கத் தெரியும். அது ஆம்பிளைப் பிள்ளையின் விளையாட்டு. நான் சம்பளக் காசில் சவர்க்காரக் கம்பனியில் பங்கு வாங்கினால் சூது.

அம்மாவாவது என் பக்கம் நிற்பார் என்று பார்த்தேன். எங்கே!

"மாமி சொல்லுறதைக் கேள். திரும்ப ஓடுற காலம் வந்தா கம்பனியைக் காவிக்கொண்டோ ஓடுவாய்?"

அம்மாவை எனக்கு விளங்கும். சண்டைக் காலத்தில் நாங்கள் மடு மாதா கோயிலுக்கு ஓடினோம், பிறகு கடல் தாண்டி இராமேஸ்வரத்துக்கு ஓடினோம். ஒவ்வொரு காப்பாக விற்றுத்தான் அம்மா எங்களுக்குச் சோறு போட்டார். அதனால் நாட்டில் ஒரு சின்ன அசைவு என்றாலும் எங்கள் சனத்தின் கால் நகைக்கடைப் பக்கம்தான் போகும். அந்தக் கிழமையும் அங்கே கால் வைக்க இடமில்லை. பவுண் விலையோ வானத்தில் நின்றது. விழுந்து கிடப்பதை விற்று, உச்சியில் நிற்பதை வாங்கு என்றார்கள். இதைவிடப் பெரிய சூது எது, சொல்லுங்கள்!

அம்மாவுக்குப் பயம், அதை மன்னிக்கலாம். மாப்பிள்ளையின் தாய்க்கு என்ன பயம்? பங்கு என் பெயரில் இருக்கும். நகை என்றால் அவருடைய அலுமாரிக்குள் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

மாப்பிள்ளைக்கு போன் எடுத்தேன்.

"அம்மா சொல்லுறதிலயும் நியாயம் இருக்குத்தானே. வித்துப்போடுங்கோவன்" என்றார்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"இல்ல... அம்மா என்ன சொல்லுறா எண்டா..."

போனை வைத்துவிட்டேன். பங்குகளை விற்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு சுவாமியார் மற்றவர்களின் பெயர்களை வாசித்தார். எங்களுடையதை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே போய் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை! கோயில் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அழுதார். பல்லைக் கடித்துக்கொண்டு பூசை முடியும்வரை இருந்தேன்.

பிறகு நாடு ஒருமாதிரி நிமிர்ந்தது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. பங்கு விலைகளும் மெல்ல மெல்ல ஏறின. தேயிலைக் கம்பனி மட்டும் இன்னும் படுத்துக் கிடக்கிறது. ஏறிய செய்தி எப்படித்தான் ஊருக்குள் போனதோ, அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் போன மாதம் திரும்பவும் வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, அவையள் இன்னும் மகனுக்கு ஒண்டும் முடிக்கேல்லை. உங்கட ஷெயார் எல்லாம் இப்ப நல்ல விலையாமே. பழசை மறந்து திரும்பக் கதைப்பம் எண்டு கேக்கினம்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் இன்னமும் ஆசை இருந்தது. அது என்னை இன்னும் எரித்தது.

"அண்ணை, நான் ஒண்டையும் விக்கேல்லை. இந்தச் சம்பந்தத்தை வித்தது அவையள். விலை விழேக்க பயந்து வித்தவை, ஏறினாப்பிறகு வந்து பழைய விலைக்குக் கேக்கேலாது எண்டு போய்ச் சொல்லுங்கோ."