மூன்று தட்டு, இரண்டு தட்டு

லாரித் தகடு வேலை பார்க்கும் டிங்கருக்கு வாய் நீளம். பழைய லாரிக் கேபினைத் தட்டிப் பார்க்கும்போது மட்டும்தான் அது மூடியிருக்கும். பெயிண்டுக்கு அடியில் எங்கே துரு அரித்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "மேலாக ஒட்டிக் கொடுங்க" என்று யாராவது கேட்டால், கேட்டவருக்கு அர்ச்சனைதான்.

அப்படி ஒருமுறை ஒட்டியவர் அவரேதான். பதினொரு வருடத்துக்கு முன் அவசரம் என்று தம்பி கெஞ்சினான். அவன் லாரியின் காலடித் தகட்டில் துருவை முழுக்க வெட்டாமல் ஒட்டுப் போட்டார். தம்பி கேபினுக்குள் முழங்காலால் தகட்டை அழுத்த, இவர் அடியில் படுத்து வெல்டிங் பத்தவைத்தார். பட்டறைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. இவர் மூன்று தட்டினால் 'பிடிச்சிருக்கியா?' என்று அர்த்தம். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தால் 'பிடிச்சிருக்கேன், பத்தவை'. மறுவாரம் வண்டி பள்ளத்தில் உருண்டது. தம்பி போய்ச் சேர்ந்தான். ஒட்டு விட்டுத்தான் உருண்டதோ என்ற பயத்தில், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்து அவர் அதன்பிறகு பேசியதே இல்லை.

இன்று மத்தியானம் ஒரு டிரைவர் துருப்பிடித்த லாரியோடு வந்தார்.

"காலுக்கடியில ஏதோ தட்டுது அண்ணே. தனியாப் போறப்ப மட்டும்."

"பேய்க்கு டீசல் வேணுமாம், ஊத்திப் பாரேன்."

சிரித்துக்கொண்டே மேல்தகட்டை வெட்டி எடுத்தார். அடியில் ஒரு பழைய ஒட்டு, அதன் ஓரத்தில் மூன்று பஞ்ச் புள்ளிகள். அவர் போடும் அடையாளம். துருவின் மேல் அவர் ஒட்டியது ஒரே ஒரு வண்டியில்தான். தம்பியின் கேபின் வேறு வண்டிக்கு மாறியிருக்கிறது! டிரைவரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, ஒட்டின் மேல் இருந்த அழுக்கைப் பயந்து பயந்து சுரண்டினார்.

சுற்றிலும் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒட்டில் மட்டும் ஒரு விரிசல்கூட இல்லை.

"விடலடா... நான் வச்சது விடலடா," என்று சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

பிறகு துரு முழுவதையும் வெட்டி எறிந்து, புதுத் தகட்டை வைத்து, வண்டிக்கடியில் படுத்தார். தகட்டின் ஒரு முனை எகிறிக்கொண்டே இருந்தது. பழக்க தோஷம், சுத்தியலால் மூன்று தட்டினார்.

காலிக் கேபினுக்குள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. எகிறிய முனை, யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் அழுந்திப் படிந்தது.

டீயோடு திரும்பிய டிரைவர் கேபினை எட்டிப் பார்த்தார். "யாரு அண்ணே தட்டினது? உள்ள ஆளே இல்லையே?"

"ஆள் இருக்கு. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

பத்தவைக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை.