பொட்டு வைத்த தகடு

கொழிஞ்சாம்பாறை பஸ்ஸின் கண்டக்டர் கஞ்சிக்கோட்டில் இறங்கி, என் பட்டறை வாசலில் நின்றபடியே சொன்னார்: "நாச்சிமுத்தண்ணன் போயிட்டாருங்க. நேத்துக் காத்தால, தோட்டத்துலயே." ஓடிக்கொண்டிருந்த கடைசல் லேத்தை நிறுத்தினேன். எடுத்த வேலையைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அவரை அறிந்த ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு அவர் கடலை பயிரிட்ட விவசாயி. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை நகராத மனிதர். எனக்கு அவர் முதலில் புகாரோடு வந்த வாடிக்கையாளர். நான்கு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை கழிந்த வாரம், அவருடைய பம்புசெட்டுக்கு நான் கடைந்து கொடுத்த ஷாஃப்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இந்த மொனையில பேரிங் ஏற மாட்டேங்குது. அந்த மொனையில போட்டா நழுவி உழுகுது. கடலை பூவெடுத்து நிக்குதுங்க. இன்னும் மூணு நாள்ல தண்ணி பாயலீன்னா அவ்வளவுதான்."

மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஷாஃப்ட் ஒரு முனையில் தடித்து, மறு முனையில் மெலிந்திருந்தது. அவர் வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம். போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நல்லா வெட்டிட்டிருந்த மிசினு எதனால இப்படிப் பண்ணுது?" பயிர் வாடும்போது இப்படி ஒரு விசாரணையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கம்பியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக் விலகியிருக்கும் என்றேன். பத்து வருட அனுபவத்துக்குச் சந்தேகமே வராது. அதை இப்படியும் அப்படியும் தள்ளிவைத்து ஒரு பகல் முழுவதும் வெட்டினேன். நீளக் கம்பி சரியாக வந்தது. குட்டைக் கம்பியைப் போட்டால் மறுபடியும் கோணல்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். "அதைக் கழட்டி ஓரமா வெச்சுப்போட்டு வெட்டுனா என்னாகும்?" என்றார். பம்பில் தண்ணீர் வராவிட்டால் அவர் குழாயைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்ப்பாராம். "ஒண்ணு மேல பழி போடறதுக்கு மின்ன, அது இல்லாமப் பாத்துரோணுங்க."

டெயில்ஸ்டாக்கை விலக்கிவிட்டு, ஒரு தடித்த துண்டை, கம்பியைக் கவ்விச் சுழற்றும் சக்கில் மட்டும் பிடித்து வெட்டினேன். அப்போதும் கோணல். ஒரு நாள் முழுவதும் குற்றமில்லாததைப் போட்டு அடித்திருக்கிறேன். ரசமட்டத்தை எடுத்து, லேத்தின் பாகங்களைத் தாங்கும் நீண்ட படுக்கைக்குக் குறுக்கே வைத்தேன். சக் பக்கம் குமிழி நடுவில் நின்றது. மறுகோடியில் ஓரத்துக்கு ஓடியது. படுக்கையே முறுக்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் நாச்சிமுத்தண்ணன் வெள்ளை வேட்டியோடு எண்ணெய்த் தரையில் படுத்துவிட்டார். "மூணு காலுக்கடியில மட்டத்துக்குத் தகடு வெச்சிருக்குதுங்க. இதுக்கு மட்டும் காணமே?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பூஜைக்கு முதல்நாள், சாமி வந்து உட்காரும் மெசின் அடியிலும் சுத்தமாக இருக்கட்டும் என்று, அந்த மூலையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிக் கழுவியது நான். பிசுக்கோடு வந்த தகட்டைக் குப்பை என்று பெருக்கித் தள்ளியதும் நான்தான். சொன்னேன்.

"பக்தி கொஞ்சம் சாஸ்தியாப் போச்சுங்க," என்று படுத்த வாக்கிலேயே சிரித்தார். "அது சாரமில்ல, உடுங்க. வேற தகடு வெட்டுங்க."

நான் தகடு வெட்டிச் சொருக, அவர் குமிழியைப் பார்த்துச் சொன்னார். மதியம் கடைந்த புது ஷாஃப்டில் இரண்டு முனையிலும் பேரிங் இறுக்கமாக ஏறியது. அன்று சாயங்காலமே அவர் கடலைக்காட்டில் தண்ணீர் பாய்ந்தது. கடலை பிழைத்தது.

அடுத்த வருடம் பூஜையன்று அழைக்காமலே வந்தார். நான் சக்கில் சந்தனம் பூசிக்கொண்டிருக்க, அவர் குனிந்து அந்தத் தகட்டின் விளிம்பில் குங்குமம் வைத்தார். "பொட்டு வெச்சதை ஆரும் குப்பைன்னு எடுத்தெறிய மாட்டாங்க பாருங்க." பிறகு ஒரு வருடமும் தவறவில்லை.

இப்போது எந்த வேலை கோணினாலும், சந்தேகப்படும் பொருளை முதலில் விலக்கிவைத்துப் பார்க்கிறேன். ஆட்கள் விஷயத்திலும் அப்படித்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. ஆயுத பூஜைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்த வருடம் தரையில் குனிந்து அந்தப் பொட்டை நான்தான் வைக்க வேண்டும்.