அண்ணி கேட்ட முதல் கேள்வி

கறுப்புத் திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. யட்டியாந்தோட்டைக்கு மேலே, இறப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலையில் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்த அண்ணி, உடுப்புக்கூட மாற்றாமல் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மகளுக்கு இரண்டு வயதாகும்போது கத்தாருக்குப் போனவர் என் அண்ணன். அவளுக்கு ஐந்து வயதாகியும் அவரால் வர முடியவில்லை. போனில் அப்பாவின் முகம் தெரிந்தாலே பிள்ளை அண்ணியின் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஆனால் அண்ணன் வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் கேம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நேரம் பகல் இரண்டு மணிக்கு அங்கிருந்து அவரும் அதில் சேர்ந்துகொள்வார். ஹெட்செட்டை மாட்டியதும் அவளுடைய கூச்சமெல்லாம் போய்விடும். கோழி முட்டையிட்டதிலிருந்து பள்ளிக்கூடச் சண்டை வரை எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லுவாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அண்ணன் பாலைவனத்தில் ஒரு முகாமுக்குப் போகவிருந்தார். நான்கு மாதம் அங்கே இன்டர்நெட் கிடையாது.

அதற்கு முதல் நாள் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. காலையில் கேமைத் திறந்தால், ஒரு பைலைக் காணவில்லை என்று செய்தி வந்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பு எனக்கு. இன்டர்நெட்டில் அந்தப் பைலின் பெயரைத் தேடி, முதலில் வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கினேன். வைரஸ் கார்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் தடுத்தது. அதை நிறுத்திவிட்டு, பைலைச் சிஸ்டம் போல்டரில் போட்டேன். இன்னொன்றைக் காணவில்லை என்றது. அதையும் அப்படியே செய்தேன். மூன்றாவது பைலைப் போட்டபோது, பழையதை அழித்துவிட்டு மாற்றவா என்று கேட்டது. மாற்றினேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரே எழும்பவில்லை.

கரண்ட் போனதால் வந்த வினை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அண்ணி கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, காலையில இருந்து என்ன என்ன செஞ்சீங்க? ஒண்ணையும் விடாம சொல்லுங்க.”

பொய் வாய்வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வைரஸ் கார்டை நிறுத்தியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி பள்ளிக்கூடத்தில் ஓலெவல் வரை படித்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டது குறைவு. ஆனாலும் கேட்டார்: “அப்ப, நீங்க போட்டத எல்லாம் எடுத்துட்டா, முன்ன இருந்த மாதிரி வந்துருமா?”

பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று தடவை வலுக்கட்டாயமாக அணைத்துப் போட்டதும் பழுதுபார்க்கும் பக்கம் வந்தது. அப்டேட்டுக்கு முந்திய நிலைக்குத் திரும்பக் கட்டளை கொடுத்தேன். அரை மணி நேரம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் எழும்பியதும் வைரஸ் கார்டை மறுபடி போட்டு, நான் இறக்கியவற்றை அழித்தேன். பிறகு சிஸ்டம் பைல்களைச் சரிபார்க்கவிட்டேன். எழுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுவிட்டது. மணி ஒன்றே முக்கால். பிள்ளை ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். அணைத்துப் போடுவோமா என்று நான் கையை நீட்டினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “இருக்கட்டும்” என்றார்.

அவர் போனை எடுத்து அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினார். “மெஷின் பழுதுங்க. தம்பி பாத்துக்கிட்டு இருக்காரு. போயிராதீங்க, இருங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

எண் மறுபடி நகர்ந்து நூறைத் தொட்டது. கேமுக்கு வேண்டிய பைல்களை, இந்தத் தடவை அவற்றைத் தயாரித்த கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கிப் போட்டேன். இரண்டேகால் மணிக்குக் கேம் திறந்தது. அண்ணன் உள்ளே காத்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஓடி வந்து உட்கார்ந்தாள். நான் வெளியே போய், தண்ணீர்ப் பீலியில் முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இப்போது டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். கேம் ஓடவில்லை என்று யார் வந்தாலும், திரையைத் தொடுவதற்கு முன் அண்ணி முதலில் கேட்டதைத்தான் கேட்கிறேன். பாதிப் பேர் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை.

அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வருடமாகிறது. போன மாதம் ஒரு நாள், அன்றைக்கு நான் செய்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அண்ணி அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.