ஒரே ஓடையில் இரண்டு முதல் சபைகள்

கொழும்பிலிருந்து வந்திறங்கி, காலை ஏழரைக்குப் பதுளையில், பசறை வழியாக நமுனுகுல போகும் பஸ்ஸில் ஏறினேன். ஊவாப் பக்கத்து பாப்டிஸ்ட் சபைகளின் சங்கத்துக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. எல்லாம் எழுதியாயிற்று, ஒரு வரியைத் தவிர: முதல் சபை எது? ஒரே தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் சபையும் கீழ் டிவிசன் சபையும் அந்தப் பெருமைக்கு அடித்துக்கொண்டன. புத்தகத்தில் தங்கள் பெயர் வராவிட்டால் சங்கத்தை விட்டே போய்விடுவோம் என்று இரண்டு சபைகளும் சொல்லிவிட்டன.

ஒன்பதரைக்கு இறங்கி, மூன்று கிலோமீட்டர் மலைப்பாதைக்கு அறுநூறு ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன்.

"எந்தச் சபைக்குங்க?" என்றார் டிரைவர்.

"ரெண்டுக்கும்."

"அப்ப வயித்தக் காலியா வச்சிக்குங்க. சோறு போட்டுட்டுத்தான் சண்ட போடுவாங்க."

மேல் டிவிசன் சபையின் டீக்கன் சாலமன் வீட்டில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கொடுத்துவிட்டு, சபைக் கோயிலுக்குப் பின்னால் ஓடை தேங்கும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

"இங்கதாங்க மொதல் ஞானஸ்நானம். மாரிமுத்துக் கங்காணிய வெள்ளக்காரப் பாஸ்டர் தலையோட முக்குனாரு."

"பிறகு?"

"பொறகு என்னங்க, முக்கியாச்சில்ல?" என்று என்னை வீட்டுக்குத் திருப்பி, இன்னொரு ரொட்டி வைத்தார்.

தேயிலைக்குள் இறங்கி நடந்து கீழ் டிவிசனுக்குப் போனேன். டீக்கன் யேசுதாசன் வீட்டிலும் ரொட்டிதான், சம்பல் மட்டும் இன்னும் காரம். அவரும் ஓடைக்கே கூட்டிப்போனார்.

"இங்கதாங்க கங்காணி தண்ணியிலேருந்து எந்திரிச்சாரு. துணி தொவைக்கிற கல்லப் புடிச்சிக்கிட்டு அல்லேலூயான்னாரு. எங்காளுங்க கண்ணால பாத்தாங்க."

"தண்ணீரில் எங்கே இறங்கினார்?"

யேசுதாசன் வானத்தைப் பார்த்தார். "மழ வரும் போல இருக்குங்க."

வயிறு நிறைந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். ஓடையை அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர் சாலமனின் சபைப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உடனே போன் போட்டு அவரைக் கீழே வரச் சொன்னேன்.

வந்தவரிடம், "பாஸ்டர் கையை விட்டுவிட்டாரா?" என்று நேராகவே கேட்டேன்.

சாலமன் தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல மழைங்க அன்னைக்கி. கை வழுக்கிருச்சி. அத எப்புடிங்க புத்தகத்துல போடுறது?"

யேசுதாசனும் முணுமுணுத்தார்: "மேலேருந்து அடிச்சிக்கிட்டு வந்தாருன்னு சொன்னா, அப்புறம் எங்களுக்கு என்னங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, இருவர் மீதும் பாசமும் வந்தது. மூழ்கினால் மட்டும் ஞானஸ்நானம் ஆகாது, எழவும் வேண்டும் என்றேன். அங்கேயே எழுதி வாசித்தேன்: "முதல் விசுவாசி மேல் டிவிசனில் மூழ்கி, கீழ் டிவிசனில் எழுந்தார். ஆகவே இரண்டுமே முதல் சபைகள்."

இருவரும் தாளை வாங்கி ஒருமுறை தாங்களே வாசித்தார்கள்.

"அப்ப சங்கத்த விட்டு யாரும் போகத் தேவையில்லீங்களே?" என்றார் யேசுதாசன். சாலமன் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், இந்த முறை வழுக்காமல்.

திரும்பிப் போக ஆட்டோவில் ஏறும்போது சாலமன் என் காதருகே குனிந்தார். "இருந்தாலும், மூழ்குனதுதானேங்க மொதல்ல?"

கொழும்பில் எங்கள் சபையில் டைல்ஸ் பதித்த தொட்டி இருக்கிறது, சுடுதண்ணீர்க் குழாயும் உண்டு. எங்கள் போதகர் கையை விட்டாலும் விழுந்த இடத்திலேயேதான் எழ வேண்டும். அடுத்த சபையில் போய் எழுந்திருக்க எங்களுக்கு வழியே இல்லை.